திங்கள், புதன், வெள்ளி

காய்ச்சல் இல்லையே என்றேன்.
தெரியும் என்றார்.
காய்ச்சல் இல்லாதவளுக்கு எதற்குக் கிருமி மாத்திரை,
அதுவும் வருஷம் பூரா?
பெரிய ஆஸ்பத்திரி நெஞ்சுநோய்ப் பிரிவில்
எனக்குப் பின்னால் நாற்பது இருமல்கள்
சீட்டோடு நின்றன.

டாக்டர் ரெஹானா பேனாவைக் கீழே வைத்தார்.
என்ன வேலை பாக்குறீங்க?
பனங்காட்டில் கொலுசுப் பட்டறை.
பற்றுப்பொடி வைத்து ஊதுவேன்.
பத்தொன்பது வருஷம்.

அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும்.
கண்ணி ஒட்டின பிறகும்
ஒருத்தி ஊதிக்கிட்டே இருந்தா?

கண்ணியே உருகிப்போகும் என்றேன்.
போன ஆடியில், புதிதாய் வந்த ஸ்டெல்லா
தெருவில் போன யாரையோ பார்த்தபடி ஊதியதில்
ஒரு முழுக் கொலுசு
புளியங்கொட்டையாய்த் திரண்டது.
கூலியில் பிடித்தார் முதலாளி.

அதேதான் என்றார்.
கிருமி வந்துச்சு, போச்சு.
அதை விரட்ட உங்க உடம்பு அனுப்பின ஆளுங்க மட்டும்
வேலை முடிஞ்சது தெரியாம
இன்னும் ஊதிக்கிட்டு இருக்காங்க.
உருகறது உங்க மூச்சுக்குழாய்.
இந்த மாத்திரைக்குக் கொல்ல மட்டுமில்ல,
கொஞ்சமா, நாள் விட்டு நாள் குடுத்தா
அவங்க தோளைத் தொட்டு
போதும், தீயைக் குறைன்னு சொல்லவும் தெரியும்.

உருகியதைத் திருப்பித் தராது.
அதையும் அவரே சொன்னார்.

சளி கேட்டார்கள், காலைச் சளி,
காசம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க.
நெஞ்சில் ஒயர்களை ஒட்டி
இதயம் கிறுக்கியதைக் கிழித்து எடுத்தார்கள்.
கடைசியாய் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து
காதில் எதையோ மாட்டி
சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள்.
எதுக்கு?
சிலருக்குக் காது மந்தமாகலாம்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

இப்போது நான் ஊதுவதில்லை.
மூச்சு இறங்கியதும் என்னை
மணி பார்க்கும் பலகைக்கு மாற்றிவிட்டார்கள்.
ஒரு ஜோடி, காதருகே ஒரு குலுக்கு.
முப்பது மணியில் ஊமை எதுவோ
அதில் போய் நிற்கும் விரல்.
பாலீஷ் மிஷின் அலறும்போதும் நிற்கும்.
மூச்சை மீட்கக் காதை அடகு வைக்கவா மேடம்?

அவரிடம் உடனே பதில் இல்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.
மந்தமாத் தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திடலாம்,
அநேகமாத் திரும்பிடும் என்றார்.
அநேகமா என்பதை
வீடுவரை பஸ்ஸில் மென்றுகொண்டே வந்தேன்.
ஜன்னலில் சேர்வராயன் மலை
பாதிதான் தெரிந்தது.
போன ஐப்பசியிலும் தையிலும்
ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் செருகிக்கொண்டு
வார்டு ஜன்னல் வழியே பார்த்ததும்
அந்தப் பாதியைத்தான்.

திங்கள் ஒன்று. புதன் ஒன்று. வெள்ளி ஒன்று.
முதல் வாரம் வயிறு கலக்கியது, வேறொன்றும் இல்லை.
இரண்டாம் மாதம்
சளி மஞ்சளிலிருந்து வெளுத்தது.
வீட்டுக்காரர் நடு இரவில் எழுந்து
என் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறார்,
இருமல் கேட்காத பயத்தில்.
இந்த ஐப்பசிக்கு ஆஸ்பத்திரி போகவில்லை.
மாடிப்படி இன்னும் பத்தாவதில் உட்காரவைக்கிறது.

மாத்திரை இல்லாத செவ்வாய்க்கிழமை
சோதனை நாள்.
நான் சுவரைப் பார்த்து உட்காருவேன்.
ஸ்டெல்லா ஒற்றைக் கொலுசோடு
ஒவ்வொரு கல்லாய்ப் பின்னால் தள்ளிப் போவாள்.
ஆறாவது கல், கேட்டது.
ஏழு, கேட்டது.
எட்டு.
மிஷின் ஓயக் காத்திருந்தேன்.
எட்டில் கேக்கலடி என்றேன், தொண்டை வறண்டு.

இன்னும் ஆட்டவே இல்லக்கா,
தெருவைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்
என்றாள்.